கேஷ் புக்கில் ஐந்து, பாஸ் புக்கில் மூன்று

பிரெஞ்சுக்காரர்களிடம் ஒரு விசித்திரமான பழக்கம். எழுதும்போது கை தாராளம். வாசிக்கும்போது வாய் படு சிக்கனம். எழுதியதில் முக்கால்வாசியைத்தான் உச்சரிப்பார்கள். மீதி எழுத்துக்களெல்லாம் கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி சும்மா வரிசையில் நிற்கும். 'சாப்பிட்டீங்களா?' என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

அவர்கள் எப்படியாவது வாசித்துவிட்டுப் போகட்டும். திருவண்ணாமலையில், அதுவும் ரமணாசிரமம் பகுதியில் குடியிருக்கிற ஒரு பி.காம். இதற்கெல்லாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

காரணம் இருக்கிறது. செங்கம் ரோட்டில், ஆசிரம வாசலிலிருந்து ஒரு நூறு அடி நடந்து பாருங்கள். டீக்கடை பெஞ்சில், பழ வண்டி பக்கத்தில், பூக்காரம்மா எதிரில் என்று நாலைந்து பாஷைகள் காதில் விழும். அதில் ஒன்று அநேகமாக பிரெஞ்சு. மழை ஓய்ந்து குளிர் ஆரம்பித்தால் இன்னும் அதிகம் கேட்கும். மூக்கு பாதி, தொண்டை பாதியாக ஒரு பாஷை. 'ர' சொல்லும்போது வாய் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதுதான்.

இந்த உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1949 ஜனவரியில் பிரிட்டனி பகுதியைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கத் துறவி ரமணரைப் பார்க்க இங்கே வந்தார். அடுத்த வருஷம் குளித்தலை பக்கத்தில் காவிரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமத்தை ஆரம்பித்த இருவரில் ஒருவர் அவர். அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு, பின்னால் அருணாசல மலைக் குகைகளிலும் வந்து தங்கினார். பழைய பெயர் ஹென்றி லெ ஸோ. 1950 ஏப்ரல் 14-ம் தேதி இரவு 8.47-க்கு ரமணர் மறைந்தபோது வானத்தில் ஒரு ஒளி நகர்ந்ததைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் இன்னொரு பிரெஞ்சுக்காரர் உண்டு. உலகப் புகழ் பெற்ற ஃபோட்டோகிராஃபர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸன்.

நாம் 'ஹென்றி' என்கிறோம். அவர்கள் ஊரில் இரண்டு பேருமே 'ஆன்ரீ'. முன்னால் நிற்கும் 'ஹெச்' வாயில் வராது. 'கார்ட்டியர்' அங்கே 'கர்த்தியே'. கடைசி 'ஆர்' அவுட். 'லெ ஸோ'வில் அந்த 'ஸோ'வை எழுதுவதற்கு எஸ், ஏ, யு, எக்ஸ் என்று நான்கு எழுத்து. எக்ஸுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கக் கூடாது. தூரத்துச் சொந்தம்.

பெயர்ச்சொல்லில் இப்படி என்றால் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். வினைச்சொல்லில் கை வைத்திருக்கிறார்களே, அங்கேதான் நம் பையன்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

நம் பையன்கள் என்றால்? கெஸ்ட் ஹவுஸில் ரிஸப்ஷனில் உட்காருகிறவன், டாக்ஸி ஓட்டுகிறவன், கைடு வேலைக்கு ஆசைப்படுகிறவன். சென்னையில் ஏதோ ஒரு கம்பெனியில் பிரெஞ்சு கஸ்டமர்களின் இன்வாய்ஸ் பார்க்கிற செக்‌ஷனுக்கு மாறினால் கையில் கொஞ்சம் கூடுதலாக வரும் என்று கணக்குப் போடுகிற என்னைப் போன்ற காமர்ஸ் ஆசாமிகளும் இதில் சேர்த்தி. செஞ்சி, திண்டிவனம் வழியாக பஸ் ஏறினால் நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் பாண்டிச்சேரி. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி கை மாறிய ஊர். 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த ஊர். ஆட்சி போனாலும் பாஷை போகவில்லை. அங்கே அலியான்ஸ் ஃப்ரான்ஸேஸில் சேர்ந்து படிக்கிற ஆட்கள் இன்றைக்கும் உண்டு.

படித்தால் பரீட்சை. 'டெல்ஃப்' என்று பெயர். பிரெஞ்சு அரசாங்கம் 1985-ல் கொண்டுவந்தது. மொத்தம் நூறு மார்க். கேட்பது 25, வாசிப்பது 25, எழுதுவது 25, பேசுவது 25. பாஸ் பண்ண ஐம்பது வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. நாலில் எதிலாவது ஐந்துக்குக் கீழே போனால் மற்ற மூன்றில் பிரமாதமாக எழுதியிருந்தாலும் ஃபெயில்.

கவனித்தீர்களா? நூற்றில் ஐம்பது மார்க் காதுக்கும் வாய்க்கும். நம் ஆள் படிப்பதோ கண்ணால் மட்டும். நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, வினைச்சொல் பட்டியலை நூறு தடவை எழுதி, சிவப்பு இங்க்கில் அடிக்கோடும் போட்டுவிடுவான். அப்புறம் ஒரு நிஜ பிரெஞ்சுக்காரர் வந்து வாயைத் திறந்ததும், பட்டியலில் இருந்த ஒரு சொல்கூடக் காதில் விழாமல் திருதிருவென்று விழிப்பான்.

ஏன்? கணக்கு டேலி ஆகவில்லை. ஆபீஸ் பாஷையில் சொன்னால் கேஷ் புக்குக்கும் பாஸ் புக்குக்கும் வித்தியாசம். ரீகன்சிலியேஷன் போட்டால் சரியாகிவிடும். போடுவோமா?

*

'பேசு' என்பதற்கு பிரெஞ்சில் 'பர்லே'. நிகழ்காலத்தில் ஆறு பேருக்கு ஆறு வடிவம். நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள்.

எழுத்துக் கணக்கை முதலில் பார்ப்போம். பி-ஏ-ஆர்-எல் வரைக்கும் எல்லாருக்கும் பொது. அப்புறம் வால். நானுக்கு 'ஈ'. நீக்கு 'ஈ-எஸ்'. அவனுக்கு மறுபடி 'ஈ'. நாங்களுக்கு 'ஓ-என்-எஸ்'. நீங்களுக்கு 'ஈ-இஸட்'. அவர்களுக்கு 'ஈ-என்-டி'. நானும் அவனும் ஒரே வடிவம் என்பதால், கேஷ் புக்கில் ஐந்து என்ட்ரி.

இப்போது காதுக் கணக்கு. நான் - பர்ல். நீ - பர்ல். அவன் - பர்ல். நாங்கள் - பர்லோன், ஆனால் 'ன்' மூக்கோடு சரி, நாக்கு மேலே ஒட்டாது. நீங்கள் - பர்லே. அவர்கள் - பர்ல்.

ஆக பாஸ் புக்கில் மூன்றுதான். நாலு ஆட்கள் ஒரே 'பர்ல்'லில் குடித்தனம் நடத்துகிறார்கள். அதிலும் பேச்சு வழக்கில் 'நாங்கள்' என்பதற்கு 'நூ' என்று சொல்லாமல் 'ஓன்' என்று ஒன்றைப் போட்டுப் பேசுவது சகஜம். அந்த 'ஓன்' வந்தால் அதற்கும் 'பர்ல்'தான். அப்போது பாக்கி இரண்டே இரண்டு.

'அவர்கள்' வடிவத்தில் ஈ-என்-டி என்று மூன்று எழுத்து இருக்கிறதே, அதை நம் ஆள் சும்மா விடுவானா? 'பர்-லென்ட்' என்று கடைசி 'டி'யைத் தட்டிச் சொல்வான். இங்கிலீஷில் 'கான்வென்ட்' என்று சொல்லிப் பழகிய வாய். பிரெஞ்சில் சி-ஓ-யு-வி-ஈ-என்-டி என்று ஒரு சொல் இருக்கிறது. கன்னியாஸ்திரீ மடம் என்ற அர்த்தத்தில் வந்தால் 'கூவான்'. அதே ஏழு எழுத்து, கோழிகள் அடைகாக்கின்றன என்ற அர்த்தத்தில் வினைச்சொல்லாக வந்தால் வெறும் 'கூவ்'. மடத்துக்கு இரண்டு அசை, கோழிக்கு ஒரு அசை. நம் ஊரில் கூவுவது சேவல். அங்கே அடைகாப்பதே கூவ்.

இதில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. தமிழில் வந்தேன், வந்தாய், வந்தார்கள் என்று வாலிலேயே ஆள் தெரிந்துவிடும். 'நான்' சொல்லாவிட்டாலும் குற்றமில்லை. 'நேத்து வந்தேன்' போதும். பிரெஞ்சில் வால் சத்தமில்லாமல் போய்விட்டது. அதனால் முன்னால் 'ஜெ', 'த்யூ', 'இல்' என்று ஆள் பெயரைக் கட்டாயம் போட்டே ஆக வேண்டும். நாம் ஆளைக் கடைசியில் தேடுகிறவர்கள். அங்கே ஆள் முதலிலேயே வந்துவிட்டுப் போய்விடுவார். தமிழ்க் காது கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

*

எங்கள் பேட்டையில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர். பாண்டிச்சேரியில் ஆறு மாசம் பிரெஞ்சு படித்தவர். தீப சமயத்தில், அதாவது ஒரு ரூமுக்காக ஊரே அலைந்துகொண்டிருந்த வாரத்தில், வழக்கமாக வருகிற ஒரு அம்மாளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். 'நாளைக்கு வருகிறார்' என்று மேனேஜருக்குக் கேட்டிருக்கிறது. ஒரு ரூம் ஒதுக்கினார். மறுநாள் காலையில் டாக்ஸியிலிருந்து மூன்று பெண்கள் இறங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு யோகா பாய்.

"இன்னா ஸார் பாஷை இது? மெசேஜை அஞ்சு தடவை போட்டுக் கேட்டேன். ஒருத்தர்தான் ஸார் வந்தாங்க!" என்றார் மேனேஜர்.

மெசேஜில் மூன்று பேரும் இருந்தார்கள். அவர் காதில் ஒருவர்தான் ஏறியிருக்கிறார். 'அவள் வருகிறாள்' என்றால் 'எ-லா-ரீவ்'. 'அவர்கள் வருகிறார்கள்' என்றால் 'எல்-ஸா-ரீவ்'. எழுத்தில் இரண்டுக்கும் நடுவே மூன்று எழுத்து வித்தியாசம். காதில் ஒரே ஒரு 'ஸ்'தான் வித்தியாசம். அதுவும் நம் 'ஸ்' இல்லை. தேனீ ரீங்காரம் மாதிரி தொண்டை அதிர்கிற 'ஸ்'. தமிழில் அதற்கு எழுத்துக் கிடையாது. அந்த ஒரு ரீங்காரத்தில் இரண்டு ரூம் வாடகை தொங்கிக்கொண்டிருந்தது.

'அவர்கள்' என்ற சொல்லின் கடைசி 'எஸ்' தனியாக இருந்தால் ஊமை. அடுத்த சொல் உயிரெழுத்தில் ஆரம்பித்தால் உயிர் பெற்று எழுந்து, அந்தச் சொல்லின் முதல் அசையில் போய் ஏறிக்கொள்ளும். பிரெஞ்சில் இதற்கு 'லியேஸோன்' என்று பெயர். நம் ஆபீஸில் லியேஸான் ஆபீஸர் என்கிறோமே, அதே சொல்தான். அவரும் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய் ஏறிக்கொள்கிறவர்தானே!

உயிரெழுத்தில் ஆரம்பிக்காத வினை என்றால்? அதற்கும் ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள். அந்த ஊமை ஈ-என்-டி இருக்கிறதே, அது தான் பேசாது. பக்கத்தில் இருப்பவனைப் பேச வைத்துவிடும். யூனியனில் இப்படி ஒருத்தர் எப்போதும் உண்டு.

'அவன் கிளம்புகிறான்' - 'இல் பார்'. 'அவர்கள் கிளம்புகிறார்கள்' - 'இல் பர்த்'. ஒருமையில் 'டி' ஊமை. பன்மையில் பின்னால் ஈ-என்-டி வந்து நின்றதும் அந்த 'த்' வாயைத் திறக்கிறது. 'முடிக்கிறான்' - ஃபினி. 'முடிக்கிறார்கள்' - ஃபினிஸ். 'தூங்குகிறான்' - தோர். 'தூங்குகிறார்கள்' - தோர்ம். கடைசியில் ஒரு மெய்யெழுத்து கூடக் கேட்டால் கூட்டமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

('இல் பார்' என்றால் 'கிளம்புகிறான்'. நம் ஊரில் ஆபீஸ் விட்டுக் கிளம்புகிற சிலர் போகிற இடமும் அதுதான். மொழிகளுக்குள் எங்கேயோ உறவு இருக்கிறது.)

'பர்லே' மாதிரியான வினைகளுக்கு மட்டும் இந்த உபாயமும் கிடையாது. 'அவள் பேசுகிறாள்', 'அவர்கள் பேசுகிறார்கள்' இரண்டும் காதில் ஒன்றே. பேச்சின் சந்தர்ப்பத்தை வைத்துத்தான் பிரெஞ்சுக்காரரே கண்டுபிடிக்கிறார். நாமும் அப்படித்தான் பிடிக்க வேண்டும்.

*

அடுத்தது அசை பிரிப்பது. பயப்படாதீர்கள். இதில் நாம் பிறவி எக்ஸ்பர்ட்கள்.

விழுப்புரத்திலோ வேலூரிலோ பஸ் ஸ்டாண்டில் நின்று கண்டக்டர் கூவுவதைக் கேளுங்கள். போர்டில் 'திருவண்ணாமலை'. தி-ரு-வண்-ணா-ம-லை. ஆறு அசை. கண்டக்டர் வாயில் 'திர்ணாமலே, திர்ணாமலே!'. நாலே அசை. அந்த 'ரு'வின் உகரம் எங்கே போயிற்று? வகரம் எங்கே போயிற்று? டிக்கெட் எடுக்காமல் இறங்கிவிட்டது. யாராவது அதனால் தப்பான பஸ் ஏறியதுண்டா?

பிரெஞ்சுக்காரரும் இதைத்தான் செய்கிறார். அங்கே ஒரு மொண்ணை 'எ' உண்டு. 'ஜெ', 'லெ' என்பதில் வருகிற, வாயை முழுசாகத் திறக்காத 'எ'. சொல்லின் கடைசியில் வந்தால் மறைந்துவிடும். நடுவில் வந்தால், விழுங்க முடிந்தால் விழுங்குவார்கள். 'கொடுப்பேன்' என்பது எழுத்தில் மூன்று அசை, 'தொ-நெ-ரே'. வாயில் இரண்டே அசை, 'தொன்-ரே'. ஆனால் 'பேசுவேன்' என்பது 'பர்-லெ-ரே' என்று மூன்றாகவே நிற்கும். அங்கே 'எ'யை எடுத்தால் ர், ல், ர் என்று மூன்று மெய் முட்டிக்கொண்டு நிற்கும். அதைத் தடுக்கத்தான் 'எ' தங்குகிறது. மோரிஸ் க்ராமோன் என்ற மொழியியல் அறிஞர் இதை 'மூன்று மெய் விதி' என்றே பெயர் வைத்துச் சொன்னார்.

நம் தமிழ் வாத்தியார் குற்றியலுகரம் என்று ஒன்று நடத்தினாரே, ஞாபகம் இருக்கிறதா? வீடு, நாடு, பாட்டு என்று கடைசியில் வரும் அரை மாத்திரை உகரம். உயிரெழுத்து வந்தால் இடத்தைக் காலி பண்ணிவிடும். வீடு, இல்லை - வீடில்லை. பிரெஞ்சில் 'ஜெ', 'ஏம்' சேர்ந்தால் 'ஜேம்'. காதலிக்கிறேன் என்று அர்த்தம். ஒரே உத்தி. குற்றியலுகரத்தைத் தொல்காப்பியமே பேசியிருக்கிறது. எட்டாம் வகுப்பில் பெஞ்ச் மேல் நின்று கற்றது வீண் போகவில்லை.

புணர்ச்சியும் அப்படித்தான். பால், ஆறு சேர்ந்தால் 'பால்-ஆறு' என்று முறித்தா சொல்கிறோம்? 'பா-லா-று'. முந்தைய சொல்லின் கடைசி மெய், அடுத்த சொல்லின் உயிரோடு குடித்தனம் போய்விடுகிறது. மேனேஜர் கேட்ட 'எ-லா-ரீவ்' அதே பாலாறுதான். 'எல்', 'அரீவ்' என்று இரண்டு சொல்லாகத் தேடினால் கிடைக்காது. பிரெஞ்சில் சொல்லுக்குச் சொல் இடைவெளி பேப்பரில்தான். வாயில் கிடையாது.

பிரிப்பதற்கு விதி சுருக்கமாக மூன்று. இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது பின்னால் வரும் உயிரோடு போகும்: ஃபி-னீர். இரண்டு மெய் வந்தால் ஆளுக்கு ஒன்று: பர்-தீர். ஆனால் இரண்டாவது மெய் 'ர'வோ 'ல'வோ ஆக இருந்தால் பெரும்பாலும் இரண்டும் ஜோடியாகப் பின்னால் போகும்: 'திற' என்பதற்கு 'ஊ-வ்ரீர்'.

*

கடைசியாக அழுத்தம். நம் ஆட்கள் சரியாகப் படித்தும் கவிழ்கிற இடம் இது.

இங்கிலீஷில் ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்தமாக ஒரு அழுத்தம் உண்டு. 'ரெக்கார்ட்' என்பதில் முன்னால் அழுத்தினால் பெயர்ச்சொல், பின்னால் அழுத்தினால் வினைச்சொல். தமிழில் முதல் அசையில் லேசாக ஒரு தட்டு, அதனால் அர்த்தம் மாறாது. இந்த இரண்டு பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டு நம் ஆள் '*பர்*-லே' என்று முதலில் ஓங்கி அடித்துவிட்டு, கடைசியைக் கைவிடுகிறான். பிரெஞ்சில் உசிர் இருப்பதே கடைசியில்தான். பர்லோனா, பர்லேயா என்று அவர் தேடுகிற இடத்தில் நம் ஆள் முனகிக்கொண்டிருப்பான்.

பிரெஞ்சில் சொல்லுக்குச் சொந்த அழுத்தம் கிடையாது. ஒரே மூச்சில் சொல்கிற ஒரு தொகுதிக்கு ஒரு அழுத்தம். அதுவும் தொகுதியின் கடைசி அசைக்கு. அதுவும் சத்தமாக இல்லை, கொஞ்சம் நீட்டமாக.

ரயிலின் கடைசிப் பெட்டியில் 'எல்.வி.' என்று ஒரு போர்டு தொங்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். 'வூ பர்லே' என்று முடித்தால் போர்டு 'லே'யில். 'வூ பர்லே ஃப்ரான்ஸே' என்றால் போர்டு அங்கிருந்து கழன்று 'ஸே'யில். 'வூ பர்லே ஃப்ரான்ஸே இஸி' என்று 'இங்கே'யையும் சேர்த்தால் போர்டு 'ஸி'யில். பெட்டி சேரச் சேர போர்டு பின்னால் போகும். பாவம் 'பர்லே', நடுப் பெட்டியாகிவிட்டது. நடுப் பெட்டிக்குப் போர்டு கிடையாது.

மற்ற அசைகள்? எல்லாம் அநேகமாக சமம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் பாஸ் பண்ணியவர்களுக்கு இது சுலபம். ஏ-எஸ்-டி-எஃப் என்று ஒரே சீராகத் தட்டிக்கொண்டே போவோம். வரி முடியப் போகும்போது மணி 'டிங்'கென்று அடிக்கும். பிரெஞ்சு வாக்கியமும் தட், தட், தட், தட், டிங். ஒரு எழுத்தை மட்டும் ஓங்கிக் குத்தினால் பேப்பர் கிழியும் என்று மாஸ்டர் திட்டுவார். இங்கே அர்த்தம் கிழியும்.

இப்போது உல்டாவாக ஒரு பரீட்சை. ஆசிரமம் பக்கம் வருகிற பிரெஞ்சுக்காரர் 'அருணாசலா' என்று சொல்வதைக் கவனியுங்கள். இங்கிலீஷ் எழுத்தில் இருக்கிற 'சிஹெச்' அவர் வாயில் 'ஷ' ஆகும். எல்லா அசையும் சீராக வந்து, கடைசி 'லா' மட்டும் லேசாக நீளும்: 'அ-ரு-ன-ஷ-லா...'. நமக்கு அது பக்தியில் உருகுகிற மாதிரி தெரியும். உருகியும் இருக்கலாம். ஆனால் காய்கறிக் கடையில் 'தக்காளி' கேட்டாலும் அப்படித்தான் கடைசியில் இழுப்பார்.

*

இந்த அழுத்தம் வெறும் அலங்காரம் இல்லை. பிரெஞ்சு மாணவர்கள் திட்டித் தீர்க்கிற ஒழுங்கில்லாத வினைகள் பலவற்றின் பின்னால் இருப்பதும் இதுதான்.

'வேண்டும்' என்ற வினையைப் பாருங்கள். நான் - வெ. நாங்கள் - வூலோன். நீங்கள் - வூலே. அவர்கள் - வெல். நடுவில் இருப்பவர்களுக்கு மட்டும் ஏன் 'வூ'? லத்தீன் காலத்தில் நான், நீ, அவன், அவர்கள் வடிவங்களில் அழுத்தம் வேர்ச்சொல்லில் விழுந்தது. நாங்கள், நீங்கள் வடிவங்களில் விகுதியில் விழுந்தது. அழுத்தம் பட்ட உயிரெழுத்து ஒரு பக்கம் மாறியது, படாத உயிரெழுத்து இன்னொரு பக்கம் போயிற்று. நூற்றாண்டுக் கணக்கில் அடி வாங்கியவனும் வாங்காதவனும் ஒரே முகமாக இருப்பார்களா?

காதல் வினையிலும் இதே கதை. பழைய பிரெஞ்சில் 'அவன் காதலிக்கிறான்' என்பதில் 'ஏம்', 'நாங்கள் காதலிக்கிறோம்' என்பதில் 'அமோன்'. பிற்காலத்தில் சண்டை வேண்டாம் என்று எல்லாவற்றையும் 'ஏ' ஆக்கிவிட்டார்கள். ஆனால் 'காதலன்' என்ற சொல் இன்றும் 'அமான்'தான். அழுத்தம் படாத அந்தப் பழைய 'அ' அதில் அப்படியே தங்கிவிட்டது.

'வாங்குகிறோம்' என்பது 'அஷ்-தோன்'. நடு 'எ'யை விழுங்கியாயிற்று. 'வாங்குகிறேன்' என்று வரும்போது அந்த 'எ'யே கடைசி அசைக்கு வந்துவிடுகிறது. மொண்ணை 'எ'க்குக் கடைசிப் பெட்டி போர்டைச் சுமக்கிற தெம்பு கிடையாது. அதனால் வாயைத் திறந்து முழு 'எ'யாக 'ஜா-ஷெத்' என்று ஆகிறது. எழுத்தில் மேலே ஒரு சாய்ந்த கோடும் போடுகிறார்கள். அந்தக் கோட்டை மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. வாயால் சொல்லிப் பார்த்தால் அது அங்கே எதற்கு என்று தெரிந்துவிடும்.

ஆக, பட்டியலை எழுதி எழுதி நோட்டைத் தீர்க்காதீர்கள். நாளைக்கு பதினைந்து நிமிஷம் போதும். வினைச்சொல்லைத் தனியாகச் சொல்லாமல், ஆளோடு சேர்த்து ஒரே சொல்லாகச் சொல்லுங்கள். விரலால் மேஜையில் அசைக்கு ஒரு தட்டு, சீராக. கடைசித் தட்டில் மட்டும் விரலை எடுக்காமல் ஒரு விநாடி வையுங்கள். 'எ-லா-ரீவ்', 'எல்-ஸா-ரீவ்' இரண்டையும் மாற்றி மாற்றி, ஒருவரா பலரா என்று காது தானே சொல்கிறவரைக்கும். எழுத்து அப்புறம். அதற்கு அந்த இன்னொரு ஐம்பது மார்க் இருக்கவே இருக்கிறது.

அந்த மூக்கு 'ஓன்' வரவில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல சேதி. 'பழம்' என்பதை வீட்டில் எப்படிச் சொல்கிறீர்கள்? கடைசி 'ம்'முக்கு உதடு மூடுகிறதா? இல்லை. 'பழோ' என்று மூக்கில் முடிகிறது. மரம், பணம், கல்யாணம் எல்லாம் அப்படித்தான். பிரெஞ்சுக்காரரின் 'பர்லோன்' முடிவது கிட்டத்தட்ட அதே மூக்கில். மேல்நாட்டார் கிளாஸுக்குப் பணம் கட்டிக் கற்கிற சத்தத்தை, செங்கம் ரோட்டு வண்டிக்காரர் டஜன் அறுபது ரூபாய்க்கு வாழைப் 'பழோ' என்று கூவி இலவசமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் இப்போது மெசேஜ் வந்தால் ரூம் ஒதுக்குவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். தியானம் செய்கிறார் என்று நினைத்து வெளிநாட்டுக்காரர்கள் சத்தம் போடாமல் நகர்ந்து போகிறார்களாம். ஒரு 'ஸ்' இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.